ஒரு விசிறி நின்றுவிட்டால்

திருச்சி விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களை எங்கள் வீட்டில் இரண்டு வகையாகத்தான் பிரிப்போம். சார்ஜாவுக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போவது ‘பெரிய ஃபிளைட்’. சென்னைக்குப் போய்வருவது, இறக்கைக்கு ஒன்றாக விசிறி வைத்த ‘சின்ன ஃபிளைட்’. பெரிய ஃபிளைட் என்றால் அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கும் ஒரு அம்மா. சின்ன ஃபிளைட் என்றால் லேப்டாப் பை, அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு இரண்டின் மீதும் நம்பிக்கை கிடையாது.

பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்துகொடுத்த இடம். அவருடைய வாதம் எளிமையானது. “தண்டவாளத்துல ஓடுற வண்டி ரிப்பேர் ஆனா நிக்கும். இறங்கி நடந்து போயிடலாம். மேல போற வண்டி நின்னா எங்கடா இறங்குவ?”

இதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவந்த எங்கள் வீட்டில், 2024 அக்டோபர் 11-க்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த எல்லா வண்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பெரியப்பா தன் பழைய ஸ்பேனர் செட்டைத் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அளவு வரிசையில் அடுக்கியிருந்தார். இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடுகிற அந்த நாளின் சாயங்காலம், ஐந்தே முக்கால் மணிக்குச் சற்று முன்னால், சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு என்று தகவல் கொடுத்தது. போயிங் 737. உள்ளே 141 பயணிகள்.

ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தம். சக்கரத்தை ஏற்றி இறக்குவது, பிரேக், இறக்கையின் மடல்கள் எல்லாவற்றுக்கும் அந்த அழுத்தம் வேண்டும். அதில் பழுது என்றால் உடனே இறங்கத்தானே பார்ப்பார்கள் என்று தோன்றும். ஆனால் சார்ஜா வரைக்கும் போக நிரப்பிய எரிபொருளோடு விமானம் கனத்துப்போய் இருந்தது. இந்த வகை விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும். அதனால் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக.

எங்கள் தெருவில் பாதிப்பேர் மொட்டைமாடியில் நின்றார்கள். தெற்குப் பக்கம் மலைக்கோட்டை விளக்கு தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விமானம் இருந்ததெல்லாம் அவரவர் செல்போனில்தான். சின்ன மஞ்சள் உருவம் ஒன்று வட்டத்தின் மேல் வட்டமாக நூல் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் சக்கரம் இறங்காது, வயிற்றால்தான் இறங்கப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக உள்ளே போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அக்கா, பெரியப்பாவின் மகள், கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு வயது மகன். அத்தான் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி பிறந்திருந்தது. ஒன்பதாவது நாள் இதே ஊரிலிருந்து இதே சார்ஜாவுக்கு அவளுக்கு டிக்கெட். தட்டில் வைத்த சுண்டல் அப்படியே இருந்தது.

பெரியப்பா என் போனை வாங்கி அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போனபிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“நல்லா ஓட்டுறாங்கடா.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அவசரப்படல பாரு.”

எட்டேகால் மணிக்கு விமானம் இறங்கியது. டிவியில் சொன்னதுபோல் வயிற்றால் இல்லை. சக்கரங்கள் ஒழுங்காகவே வெளியே வந்திருந்தன, வழக்கம்போல ஓடுபாதையில் ஓடி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தெருவில் கைதட்டினார்கள். பெரியம்மா சூடம் ஏற்றினார். பெரியப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார், “நீ போக வேணாம்மா.”

“இப்பதானப்பா நல்லா ஓட்டுறாங்கன்னு சொன்ன?”

“இவங்க ஓட்டுனாங்க. எல்லாரும் இப்படி ஓட்டுவாங்கன்னு யாரு சொன்னா?”

அடுத்த இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. அத்தான் போனில் ஒரு வழி சொன்னார்: சென்னையிலிருந்து வேறு விமானத்தில் வரட்டும், திருச்சியிலிருந்து சென்னைக்கு மட்டும் சின்ன ஃபிளைட். குழந்தையையும் அத்தனை பெட்டியையும் வைத்துக்கொண்டு ரயில், அப்புறம் டாக்ஸி என்று அலைய முடியாது. எனக்குச் சென்னையில்தான் வேலை என்பதால் நானும் கூடப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் பெரியப்பா அதிர்ந்துபோனார். பெரிய ஃபிளைட்டுக்கே இந்தக் கதி, இது விசிறி வைத்ததாயிற்றே.

“ரெண்டே விசிறி. அதுல ஒண்ணு நின்னுட்டா?”

பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. “நீ எஞ்சினியரிங்தான படிச்ச, நீ சொல்லு” என்று என்னைக் கைகாட்டினார்கள். நான் படித்தது சிவில். இருந்தாலும் அந்த ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தேன்.

சின்ன ஃபிளைட்டின் பெயர் ஏ.டி.ஆர். 72. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் சேர்ந்து நடத்துகிற நிறுவனத்தின் தயாரிப்பு. முதல் விமானம் பறந்தது 1988-இல். விசிறி இருப்பதால் பழங்கால விமானம் என்று நினைத்துக்கொள்கிறோம். விசிறிக்குப் பின்னால் இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பது மாதிரியான டர்பைன் எஞ்சின்தான். எரிந்த வாயு டர்பைனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 சுற்று சுழற்றும். அதை ஒரு கியர்பாக்ஸ் குறைத்து விசிறிக்கு அனுப்பும். விசிறி அதிகபட்சம் சுற்றுவது 1,200. குறைந்த தூரத்துக்கு எரிபொருள் கம்மியாகச் செலவாகும், ஓடுபாதையும் நீளமாக வேண்டாம். அதனால்தான் நம்மைப் போன்ற ஊர்களுக்கு இதை விடுகிறார்கள்.

கியர்பாக்ஸ் என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை என்னமோ மாயம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று அவருக்குத் தெரிந்த சாமானாகிவிட்டது. “சரி. ஒண்ணு நின்னுட்டா?”

“ரெட்டை மாட்டு வண்டியில ஒரு மாடு படுத்துட்டா என்ன ஆகும்?”

“வண்டி படுத்த மாட்டுப் பக்கம் திரும்பும்.”

அதுதான் நடக்கும். இடது எஞ்சின் செத்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானி வலது காலால் மிதித்து, வால் துடுப்பைத் திருப்பி, விமானத்தை நேராக வைக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது என்று விமானிகளுக்குப் பாலபாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இரண்டாவது தொல்லை, செத்த எஞ்சினின் விசிறி. அது சும்மா நிற்காது. எதிர்க்காற்று அடித்து அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தட்டைப் பலகையைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி விமானத்தைப் பின்னால் இழுக்கும். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பனையோலை விசிறியை நீட்டிப் பாருங்கள், முகப்புறத்தைக் காற்றுக்குக் காட்டினால் கை ஒடியும். விளிம்பைக் காட்டினால் காற்று இரண்டாகப் பிரிந்து போய்விடும். விமானத்திலும் விசிறியின் இலைகளை அப்படி விளிம்பு காட்டும்படி திருப்பிவிடலாம். ஃபெதர் செய்வது என்பார்கள். ஏறும்போது எஞ்சின் போனால் இதைத் தானாகவே செய்து, அடுத்த எஞ்சினுக்குக் கூடுதல் பலமும் கொடுக்கிற ஏற்பாடு ஏ.டி.ஆரில் இருக்கிறது.

மூன்றாவது, சட்டம். ஓடுபாதையில் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும் பிரேக் போட்டு நின்றுவிடலாம். அதைத் தாண்டினால் ஏறியே ஆக வேண்டும். அந்த நொடியில் ஒரு எஞ்சின் போனாலும், மிச்சமிருக்கிற ஒன்றை மட்டும் வைத்து ஏறி, சுற்றிவந்து இறங்க முடியும் என்று நிரூபிக்காத பயணிகள் விமானத்துக்கு அனுமதியே கிடையாது. விமானிகள் இதை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும்.

“அப்ப ஒண்ணு போனா பயமில்லங்குற.”

“ஒண்ணு போதும் பெரியப்பா.”

“அப்புறம் ஏன் விழுது?”

அந்த வாரம் நான் படித்த அறிக்கைகள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பற்றியவைதான்.

2015 பிப்ரவரி 4. தைவானின் தைபே நகரிலிருந்து கின்மென் தீவுக்குக் கிளம்பிய டிரான்ஸ்ஏசியா விமானம். நம் ஊருக்கு வருகிற அதே ஏ.டி.ஆர். 72 வகை. ஏறிக்கொண்டிருக்கும்போது வலது எஞ்சினில் எச்சரிக்கை மணி. ஒரு மின் இணைப்பில் இருந்த பழுதால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது விசிறி தானாக ஃபெதர் ஆகிவிட்டது. பலம் போனது வலப்பக்கம். இடது எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றை வைத்து ஏறித் திரும்பி இறங்கியிருக்கலாம். ஆனால் மணி அடித்த சில நொடிகளிலேயே கேப்டன் லிவரை இழுத்தார். இழுத்தது இடது லிவரை. பிறகு அந்த எஞ்சினையே அணைத்துவிட்டார். சுமார் 1,600 அடி உயரத்தில் இரண்டு பக்கமும் பலம் இல்லாமல் விமானம் மிதந்தது. தவறான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று கடைசி நொடிகளில் அவருக்கே தெரிந்திருக்கிறது. குரல் பதிவில் அது இருக்கிறது. விமானம் சாய்ந்து, மேம்பாலத்தில் போன ஒரு டாக்ஸியின் மேல் இறக்கை உரசி, கீலுங் ஆற்றில் விழுந்தது. மணி அடித்ததிலிருந்து ஆறு வரைக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, 2023 ஜனவரி 15. நேபாளத்தின் பொக்காரா. திறந்து இரண்டே வாரமான புது விமான நிலையம். எட்டி ஏர்லைன்ஸின் ஏ.டி.ஆர். 72 இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கை மடலை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டிய நேரத்தில், அந்த லிவருக்குப் பதிலாக விசிறிகளுக்கான இரண்டு லிவர்களும் ஃபெதர் நிலைக்கு இழுக்கப்பட்டன. எஞ்சின்கள் இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தன, விசிறிகள் விளிம்பு காட்டி நின்றுவிட்டதால் தள்ளு விசை மட்டும் இல்லை. பலம் வரவில்லை என்று விமானிகளுக்குத் தெரிந்தது, ஏன் வரவில்லை என்று லிவர்களைப் பார்க்கவில்லை. 72 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்த இரண்டு அறிக்கைகளையும் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றில் பாதி பலம் மிச்சமிருந்தது, இன்னொன்றில் எந்த எஞ்சினுக்கும் பழுதே இல்லை. இரண்டிலும் விசிறியை நிறுத்தியது ஒரு கை. அந்தக் கை கெட்ட கை இல்லை, தூங்கிய கையும் இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று நீண்ட கை, அல்லது வழக்கமான வேலைதானே என்று பார்க்காமல் நீண்ட கை.

இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்துவிட்டு ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்வது சுலபம். ஆனால் குழந்தையோடு ஏறப்போவது அவள்தான். எல்லாவற்றையும் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் சொன்னேன்.

பெரியம்மாதான் முதலில் பேசினார். “ராணி சந்திரா போனாங்களே, அது என்ன?”

அதையும் தேடிப் பார்த்தேன். 1976 அக்டோபர் 12, பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் கேரவெல் விமானம். அது விசிறி விமானம் இல்லை, ஜெட். கிளம்பியவுடன் ஒரு எஞ்சின் உள்ளுக்குள் உடைந்து சிதறியது, தீப்பிடித்தது. விமானிகள் உடனே திரும்பினார்கள், ஓடுபாதை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் போய்விட்டதால் கடைசியில் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 95 பேர் இறந்தார்கள். ‘பத்ரகாளி’யில் நடித்துக்கொண்டிருந்த ராணி சந்திராவும் அதில் ஒருவர். படத்தின் மிச்சக் காட்சிகளை அவர் சாயலில் இருந்த இன்னொருவரை வைத்து முடித்தார்கள்.

ஆகவே பொறுமையாக இருந்தால் எப்போதும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி எழுத முடியாது. தீ காத்திருக்காது. சுற்றிக்கொண்டே இருக்க அவகாசம் இல்லாத கோளாறும் உண்டு. எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சரியாக எடைபோடுவதுதான் அந்த முதல் சில நொடிகளின் வேலை. திருச்சி வானத்தில் அன்றைக்கு நேரம் இருந்தது. இருந்த நேரம் முழுவதையும் பயன்படுத்தினார்கள். தைபேயிலும் நேரம் இருந்தது.

இன்றைக்கு விமானிகளுக்குச் சொல்லித்தரும் முறையை விளக்கினேன். எஞ்சின் மணி அடித்தால் முதலில் விமானத்தை நேராகப் பிடி. பாதுகாப்பான உயரம் வரும்வரை எந்த லிவரையும் தொடாதே. பிறகு ஒருவர் லிவரின் மேல் கையை வைத்து, இது எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவர் மீட்டரையும் அந்தக் கையையும் பார்த்து, ஆமாம் என்று சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும்.

பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இது எங்க மேஸ்திரி சொன்னதுடா” என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேஸ்திரி இருந்தாராம். பாய்லர் பக்கம் எந்த வால்வைத் திறப்பதாக இருந்தாலும் தனியாகத் திறக்க விடமாட்டார். ஒருவன் வால்வைத் தொட்டுக்கொண்டு அது எந்தக் குழாயினுடையது என்று சொல்ல வேண்டும். இன்னொருவன் அந்தக் குழாயைக் கண்ணால் தொடர்ந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். “தெனமும் தொறக்குற வால்வுக்கும் அதேதான். எங்களுக்கு எரிச்சலா வரும். எனக்குத் தெரியாதா மேஸ்திரின்னு ஒருத்தன் கேட்டான். உனக்குத் தெரியும், உன் கைக்குத் தெரியுமான்னு கேட்டார்.”

பெரியப்பா முப்பது வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றும்போதுகூட பெரியம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது போல என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அக்கா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “நான் போறேன்ப்பா” என்றாள். “அவருகிட்ட மூணு வருஷமா போன்லதான் அப்பான்னு கூப்பிடுறான் இவன்.”

பெரியப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பெட்டிகளுக்கு அவரே கயிறு கட்டினார். முடிச்சு ஒவ்வொன்றையும் பெரியம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

கிளம்புகிற நாளில் அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. தெருமுனை வரை வந்து, பேரனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நின்றுகொண்டார். கார் காவிரிப் பாலம் ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்தாள், ராஜகோபுரம் மட்டும்தான் தெரிந்தது.

ஏ.டி.ஆரில் பின்பக்க வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். எங்களுக்குக் கிடைத்த இடத்திலிருந்து இடப்பக்கத்து விசிறி தெளிவாகத் தெரிந்தது. ஆறு இலைகள். முதலில் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது, பிறகு ஒரு சாம்பல் வட்டம் மட்டும் மிஞ்சியது. ஓடுபாதையில் வேகம் கூடும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பையன் மூடவில்லை. தரை விலகியபோது, விசிறிதான் நம்மைத் தூக்குகிறதா என்று என்னைக் கேட்டான். விசிறி இழுக்கிறது, இறக்கை தூக்குகிறது என்றேன். ஒரு விசிறியே இழுக்குமா என்றான். வீட்டுப் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் விளையாடியிருக்கிறான். இழுக்கும் என்றேன். நான் மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் தாண்டியது. இடது பக்கம் சாய்ந்து திரும்பும்போது கீழே காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தென்னைகளோடு தீவு. அக்கா கண்ணைத் திறந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம். பெட்டிகளுக்காக நிற்கும்போது பெரியப்பாவின் போன் வந்தது. வந்துசேர்ந்தீர்களா என்று கேட்கவில்லை.

“கிளம்புறதுக்கு முன்னாடி யாராச்சும் சுத்திவந்து பாத்தாங்களா?”

பார்த்தார்கள். நாங்கள் ஏறுவதற்கு முன்னால் விமானி ஒருவர் சட்டைக்கு மேல் பளபளக்கும் மேலங்கி போட்டுக்கொண்டு விமானத்தை ஒரு சுற்று வந்தார். சக்கரத்தின் அருகே குனிந்தார். விசிறிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஓரிடத்தில் தாண்டிப் போனவர் இரண்டடி பின்னால் வந்து மறுபடியும் பார்த்துவிட்டுப் போனார். அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன்.

“திரும்பி வந்து பாத்தாரா?”

“ஆமா.”

“சரி,” என்றார். “அக்காவ ஏத்திவிட்டுட்டு மறுபடி கூப்பிடு. உள்ள போகும்போது கையில பாஸ்போர்ட் இருக்கான்னு நீயும் ஒருதடவ பாரு.”